கோபுரம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்



கோபுரம் கட்ட விரும்பும் மனிதரைப் பற்றி இயேசு சொன்ன சிறு உவமையை லூக்கா நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். அவர் அடித்தளம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து, வேலையை முடிக்கத் தம்மிடம் போதுமான பொருள் உண்டா என்று கணக்குப் பார்க்கிறார். பக்தியும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இந்த உவமை நமக்கு உணர்த்துகிறது. இன்று நாமும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படைப்பைக் காப்பதற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலைக்கும் இடையிலான கணக்கு அது.

"சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று பேசினால் ஆலைகள் மூடப்படும். ஆலை மூடினால் பிழைப்பு போகும்" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நம் பங்குகளில் அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவர் உண்டு, நூற்பாலையில் வேலை செய்பவர் உண்டு, கடலை நம்பி வாழ்பவரும் உண்டு. அவர்களுடைய கவலைக்குப் பக்திச் சொற்களை மட்டும் பதிலாகத் தர முடியாது. நடந்தது என்ன என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சொல்லின் பொருளைப் புரிந்துகொள்வோம். நிலக்கரி, பெட்ரோல், டீசல் போன்றவற்றை எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறி வானில் தங்குகிறது. அது பூமியைச் சுற்றி ஒரு போர்வைபோல் நின்று வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வருமானமும் வேலையும் உற்பத்தியும் கூடவேண்டும், இந்தப் புகை மட்டும் கூடாமல் குறையவேண்டும் என்பதே குறைந்த கரிமப் பொருளாதார வளர்ச்சி எனப்படுவது.

இது நடக்கக்கூடியதா? பிரிட்டனைப் பாருங்கள். நிலக்கரியை எரித்து ஊருக்கு மின்சாரம் தந்த உலகின் முதல் நிலையம் 1882 இல் இலண்டனில்தான் தொடங்கியது. 1990 முதல் 2022 வரை அந்நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய 80 விழுக்காடு வளர்ந்தது. அதே காலத்தில் அந்நாடு வெளியேற்றிய வெப்ப வாயுக்கள் பாதியாகக் குறைந்தன. 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. ஆலைகள் சில வெளிநாடுகளுக்குப் போனதும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், வளர்ச்சியையும் புகையையும் பிரிக்கவே முடியாது என்ற பழைய எண்ணம் அங்கே உடைந்தது.

அது பணக்கார நாடு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். எனவே நம் மண்ணுக்கே வருவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியை அறியாதவர் நம்மில் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களிலும் இப்படித்தான். பல தலைமுறைகளாக அந்தக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது, அவ்வளவே. 1986 இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசின் முன்மாதிரிக் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அதன்பின் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் காற்றாலைக் காடுகளாயின. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. காற்று நன்றாக வீசும் பருவத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் கிடைத்த நாள்கள் உண்டு.

காற்று அப்போதும் வீசியது, இப்போதும் வீசுகிறது. இடையில் மாறியது என்ன? இங்கேதான் அரசின் கொள்கை வருகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நிலக்கரி நிலையம் என்பது தினமும் கடையில் அரிசி வாங்கிச் சமைக்கும் வீடு போன்றது. அடுப்பு கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் நிலக்கரி வாங்கவேண்டும், விலை ஏறினால் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். காற்றாலையும் சூரியத் தகடும் தென்னங்கன்று நடுவது போன்றவை. குழி வெட்டி, கன்று வாங்கி, வேலி போட்டு, எல்லாச் செலவையும் முதல் நாளே செய்யவேண்டும். பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காய் பறிக்கலாம். பராமரிப்பு உண்டு, ஆனால் எரிபொருளுக்குப் பணம் இல்லை. காற்று பில் அனுப்புவதில்லை.

ஆனால் முதல் நாள் பணம் எங்கிருந்து வரும்? கடனிலிருந்துதான். எனவே இந்தத் தொழிலில் மின்சாரத்தின் விலையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வட்டி. கடன் கொடுப்பவர் மூன்று கேள்விகள் கேட்பார். இந்த மின்சாரத்தை வாங்குவது யார்? என்ன விலைக்கு? பணம் ஒழுங்காக வருமா? இவற்றுக்கு உறுதியான பதில் இருந்தால் வட்டி குறையும், மின்சாரம் மலிவாகும். பதில் இல்லையென்றால் காற்று எவ்வளவு வீசினாலும் பயனில்லை. நல்ல கொள்கை செய்யும் வேலை இந்த உறுதியைத் தருவதே.

தமிழ்நாட்டில் அந்த உறுதி மூன்று வழிகளில் வந்தது. 1990களின் தொடக்கத்தில், காற்றாலை வாங்கிய நிறுவனம் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. இது முதல் வழி. ஆரல்வாய்மொழியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகள் வழியாகக் கோவையில் உள்ள தன் ஆலைக்கே கொண்டுசென்று பயன்படுத்த இசைவு கிடைத்தது. இது இரண்டாவது. காற்றுக் காலத்தில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்திடம் வரவு வைத்து, காற்று குறைந்த மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் 'மின்வங்கி' ஏற்பாடு மூன்றாவது.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் மின்தடையாலும் கட்டண உயர்வாலும் தவித்த காலம் அது. நூற்பாலைக்குக் கூலியைப்போலவே மின்சாரமும் பெரிய செலவு. எனவே ஆலை முதலாளிகள் காற்றாலைகளை வாங்கி நிறுத்தினார்கள். காற்றாலைக்கு முதலீடு செய்தவர்களில் பலர் நூற்பவர்களே. தென்கோடியில் வீசிய காற்று கொங்கு நாட்டில் நூலாயிற்று. சுற்றுச்சூழலுக்காக அவர்கள் இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பிழைப்புக்காகச் செய்தார்கள். நல்ல கொள்கையின் சிறப்பும் இதுதான். தன் நலனைத் தேடுபவரும் பொது நன்மைக்கு உதவும்படி அது வழியமைக்கிறது.

இதில் கோணலும் இருந்தது. வரிச் சலுகை இயந்திரத்தை வாங்குவதற்குத்தான் கிடைத்தது, மின்சாரம் எடுப்பதற்கு அல்ல. எனவே சிலர் வரிக்காக மட்டும் காற்றாலை நட்டு, அது சுழல்கிறதா என்று கவலைப்படாமல் விட்டார்கள். இதைச் சரிசெய்யவே 2009 இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை தரும் திட்டம் வந்தது. 2012 இல் இந்த ஊக்கத்தொகையும் விரைவுத் தேய்மானச் சலுகையும் ஒரே நேரத்தில் நின்றன. விளைவு என்ன? 2011-12 இல் நாடு முழுவதும் 3,000 மெகாவாட்டுக்கும் மேல் நிறுவப்பட்ட காற்றாலைகள், அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 1,700 மெகாவாட்டாகக் குறைந்தன. கோபுரத்தின் ஏணியை நடுவிலேயே எடுத்ததுபோல் ஆயிற்று. சலுகை காலமெல்லாம் தொடரவேண்டும் என்பதில்லை. ஆனால் அது எப்போது, எப்படிக் குறையும் என்பது முன்கூட்டியே தெரியவேண்டும். இங்கே இயந்திரத்தின் திறமைக்கு இணையாகக் கொள்கையின் நாணயமும் தேவை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2017 இல் காற்று மின்சாரத்துக்கு ஏலம் வந்தபோது விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 காசாக இறங்கியது. அதே ஆண்டில் இராசஸ்தானத்தின் பத்லாவில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. உலக அளவில் பெரிய சூரிய மின்நிலையங்களின் உற்பத்திச் செலவு 2010 இலிருந்து ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துள்ளது. ஜெர்மனி 2000 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், தூய மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலையை உறுதி செய்தது. அதனால் தேவை பெருகியது, தேவை பெருகியதால் சீனத்தில் ஆலைகள் பெருகின, ஆலைகள் பெருகியதால் விலை விழுந்தது. ஒரு நாட்டு மக்கள் தம் மின்கட்டணத்தில் சுமந்த பாரத்தின் பயன் இன்று இராமநாதபுரத்துக்கும் கிடைக்கிறது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் இப்போது சூரியத் தகடுகள் செய்யும் பெரிய ஆலை இயங்குகிறது. அதன் பணியாளரில் பெரும்பாலோர் பெண்கள்.

அன்பார்ந்தவர்களே, சலுகை மட்டுமே கொள்கை அல்ல. கண்டிப்பும் கொள்கைதான். இதற்குத் திருப்பூர் சாட்சி.

பின்னலாடைக்குச் சாயமேற்றிய நீர் பல ஆண்டுகளாக நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கிணறுகள் கெட்டன, நிலம் உப்பேறியது. பாசன விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற விதியை நிறைவேற்றாத காரணத்தால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே கலங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையின்றி ஊர் திரும்பினர். திருப்பூர் முடிந்தது என்று பேசப்பட்டது.

திருப்பூர் முடியவில்லை. வட்டியில்லாக் கடனும் மானியமும் தந்து அரசு கைகொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. இன்று சாயநீரில் பெரும்பகுதி தூய்மையாகி மீண்டும் சாயத்தொட்டிக்கே வருகிறது, உப்பும் மீட்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. 2010-11 இல் ஏறக்குறைய 12,500 கோடி ரூபாயாக இருந்த திருப்பூர் ஏற்றுமதி, 2024-25 இல் ஏறக்குறைய 40,000 கோடியைத் தொட்டது. ரூபாயின் மதிப்புக் குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது வளர்ச்சியே. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இன்று தண்ணீர்க் கணக்கையும் கரிமக் கணக்கையும் கேட்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஊராகத் திருப்பூர் நிற்கிறது. நீரைச் சுத்திகரிக்க மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். அதற்கு நிலக்கரியை எரித்தால் ஆற்றுக்கு வந்த நன்மை வானுக்குத் தீமையாகிவிடும். காற்றாலையும் சாயப்பட்டறை விதியும் ஒன்றோடொன்று கைகோர்க்க வேண்டியது இதனால்தான்.

ஆனாலும் அந்த மூடலின் மாதங்களில் கூலியிழந்தவர் யார்? விதியை மீறிய முதலாளியைவிட, அன்றாடம் வேலைக்குப் போன தொழிலாளியே. கணக்கின் இந்தப் பக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி வரும் மாற்றத்திலும் இதே கேள்வி எழும். 2025 சூனில் இந்தியாவின் மொத்த மின்நிலையத் திறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வகையைச் சேர்ந்ததாயிற்று. 2030 இல் எட்டவேண்டிய இலக்கு அது. ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டினோம். ஆயினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. காரணம் எளிது. சூரியன் மாலையில் மறைகிறது, காற்று கார்த்திகை மாதத்தில் ஓய்கிறது. நிலக்கரி நிலையமோ இரவும் பகலும் ஓடும். எனவே பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்க வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியின் குந்தாவிலும் இத்தகைய வேலை நடக்கிறது. பெரிய மின்கலங்களின் விலையும் குறைந்துவருகிறது. இந்த விளக்குக்கு எண்ணெய் சேர்த்துவைக்கும் வேலையே அடுத்த பத்து ஆண்டின் பெரும்பணி.

அந்தப் பணி நடக்கும்போது யாரும் வெளியே தள்ளப்படக்கூடாது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் இழந்த குடும்பங்கள் உள்ளன. அந்தச் சுரங்கத்தை நம்பியே இன்று வாழும் குடும்பங்களும் உள்ளன. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பலால் மீன்வளம் இழந்த மீனவர்கள் உள்ளனர். தூய மின்சாரமும் தானாகவே நீதியாகிவிடாது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அத்தகைய வேலிக்குள் மேய்ச்சல் நிலமும் அகப்படும்போது ஆடு மேய்ப்பவர் எங்கே போவார்? 2024 சூனில் தமிழகக் கடலிலும் குசராத்துக் கடலிலும் காற்றாலை அமைக்க நிதியுதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் வலைவீசும் நம் மக்களிடம், எங்கே தூண் நிற்கும், எந்தப் பாடு அடைபடும் என்று முதலிலேயே கேட்டாகவேண்டும். ஒக்கிப் புயலில் 2017 இல் ஆண்களைக் கடலுக்குப் பறிகொடுத்த ஊர்கள் நம்முடையவை. கடல் சூடேறுவதால் அரபிக்கடலில் கடும்புயல்கள் கூடுகின்றன என்று அறிவியலாளர் சொல்லும்போது, அந்த எச்சரிக்கை முதலில் அந்த ஊர்களுக்கே. பாதிப்பில் முன்வரிசையில் நிற்பவரைப் பயனில் கடைசி வரிசைக்குத் தள்ளுவது அநீதி.

நீதியாகச் செய்யவும் வழியுண்டு. 2018 இல் ஸ்பெயின் அரசு பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை மூட முடிவு செய்தபோது, முதலில் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசியது. வயதில் மூத்த தொழிலாளருக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையோருக்கு மாற்றுத் தொழில் பயிற்சி, சுரங்க ஊர்களில் புதிய முதலீடு என 25 கோடி யூரோவுக்கு உடன்படிக்கை எழுதியது. பிறகுதான் கதவு மூடியது. கணக்குப் பார்த்துக் கோபுரம் கட்டுவது என்றால் இதுவே.

நாம் என்ன செய்யலாம்? வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். வீட்டில் மின்சாரச் செலவு அதிகமென்றால் இது சில ஆண்டுகளில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும். குறைவாகச் செலவழிக்கும் வீடு என்றால் அவசரப்பட வேண்டாம், முதலில் பில்லை எடுத்துவைத்துக் கணக்குப் பாருங்கள். அரசின் இணையதளத்தில் பதிவு செய்யாமல், இடைத்தரகரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். இந்த மானியம் குடியிருப்புகளுக்கே உரியது, ஆலயத்துக்கும் பள்ளிக்கும் பொருந்தாது. ஆயினும் பகலில் இயங்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மானியம் இல்லாமலேயே கணக்கு ஒத்துவரும் இடங்கள் உண்டு. அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசலாம். கிராமசபையில் நிலமும் கடலும் பற்றிய திட்டம் வரும்போது நாம் அங்கே இருக்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை, நேரம் வேண்டும்.

திருஅவை இதைப் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. 2008 இல் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் ஏறக்குறைய 2,400 சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. புதைபடிவ எரிபொருளைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் 2015 இல் எழுதிய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 சூனில் 'சகோதரன் சூரியன்' என்று பொருள்படும் தலைப்பில் இன்னொரு மடல் வெளியிட்டார். உரோமைக்கு வெளியே, வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் சாந்தா மரியா தி கலேரியா நிலத்தில், மேலே சூரியத் தகடும் கீழே பயிரும் இருக்கும்படி நிலையம் அமைத்து, வத்திக்கான் நகரின் முழு மின்தேவையையும் அதிலிருந்து பெறவேண்டும் என்பது அம்மடலின் பணிப்பு.

அன்பார்ந்தவர்களே, "வேலையா, படைப்பா?" என்று கேட்பவரிடம் நாம் சண்டைக்குப் போகவேண்டாம். ஆரல்வாய்மொழியையும் திருப்பூரையும் காட்டுவோம். நிலையான விதியும், நியாயமான உதவியும், ஏழையின் குரலுக்கு இடமும் இருக்குமானால் இரண்டும் சேர்ந்தே வளரும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோபுரம் பாதியில் நிற்கும். அடித்தளம் போட்டாயிற்று. கட்டி முடிக்கும் மனமும், கணக்குப் பார்க்கும் நிதானமும், பக்கத்து வீட்டாரை மறவாத இதயமும் இறைவன் நமக்குத் தருவாராக.